பகடை உருட்டி அடுக்கிய செஸ்: ஐந்து மாதக் குறிப்பு

செஸ்ஸில் புது விதி, புது அடுக்கு என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். இருக்கிற ஆட்டத்தையே ஒரு ஆயுளில் கற்று முடிக்க முடியாது, அதற்குள் மாற்றம் எதற்கு என்பதுதான் என் கட்சி. மாற்று வகைகள் பெருகினால் ஆட்கள் சிதறிப்போவார்கள், மூல ஆட்டம் தேய்ந்துவிடும் என்று நண்பர் ஒருவரிடம் ரொம்ப நேரம் வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க ஒண்ணைக்கூட ஆடிப் பார்க்காமலே பேசுறீங்களே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, ஆடிப் பார்த்துவிடுவோம் என்று ஆரம்பித்தது இது.

எனக்கு நானே வைத்துக்கொண்ட ஏற்பாடு எளிமையானது. ஒரு மாற்று வகையை எடுத்தால் சில வாரங்கள் அதையே தொடர்ந்து ஆட வேண்டும், கூடவே வாரத்துக்கு நான்கு வழக்கமான ஆட்டமும் ஆட வேண்டும், இரண்டையும் நோட்டில் எழுதி வைத்து ஒன்று மற்றொன்றை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் எடுத்தது செஸ் 960. முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1996 ஜூனில் புவனோஸ் ஐரிஸில் அறிவித்தது. சிப்பாய்கள் வழக்கமான இடத்தில்தான் நிற்கும், பின்வரிசைக் காய்கள் மட்டும் இடம் மாறும். இரண்டு பிஷப்பும் எதிரெதிர் நிறக் கட்டங்களில் நிற்க வேண்டும், ராஜா இரண்டு யானைகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஏன் 960 என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கறுப்புக் கட்ட பிஷப்புக்கு 4 இடம், வெள்ளைக் கட்ட பிஷப்புக்கு 4, மிச்சமிருக்கும் ஆறில் ராணிக்கு 6, அதன்பின் ஐந்து கட்டத்தில் இரண்டு குதிரையை 10 விதமாக வைக்கலாம். கடைசி மூன்று கட்டத்தில் யானை, ராஜா, யானை என்று ஒரே வழிதான். பெருக்கினால் 960. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒற்றைப் பகடையை வைத்தே அடுக்கிவிடலாம் என்பது. பிஷப்புக்கு உருட்டும்போது 5 அல்லது 6 விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும், ராணிக்கு ஆறு கட்டம் என்பதால் விழுந்த எண் அப்படியே பொருந்திவிடும்.

மூன்றாவது நாள் நடந்ததை விவரமாகவே சொல்கிறேன். பகடை கொடுத்த அடுக்கு, இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை, 1 என் பக்கம், 8 அவர் பக்கம்): பிஷப், ராணி, குதிரை, குதிரை, யானை, ராஜா, யானை, பிஷப். எனக்கு வெள்ளை. கொஞ்ச நேரம் பார்த்ததில் எதிராளியின் எச்-7 சிப்பாய்க்குக் காவலே இல்லை என்று தெரிந்தது, பக்கத்தில் எச்-8இல் நிற்கும் பிஷப் தலைக்கு மேலே இருக்கும் சிப்பாயைக் காக்க முடியாது. என் ராணி பி-1இல். சி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் பி-1இலிருந்து எச்-7 வரை கோணல் பாதை திறந்துவிடும். தள்ளினேன், முதல் நகர்த்தலிலேயே ஒரு சிப்பாய் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். நண்பர் ராஜாவை ஜி-8இல் வைத்தார், அங்கிருந்த யானையை எஃப்-8இல் வைத்தார். இரண்டும் இடம் மாறிக்கொண்டன. எச்-7க்கு ராஜாவே காவல் ஆகிவிட்டது. இது என்ன நகர்த்தல் என்று நான் சண்டைக்குப் போனேன். காஸ்லிங்தான், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்துவது. இந்த வகையில் காஸ்லிங் செய்தால் ராஜாவும் யானையும் எங்கே புறப்பட்டாலும் வழக்கமான ஆட்டத்தில் போய் நிற்கும் அதே கட்டங்களில்தான் வந்து நிற்க வேண்டும். இந்த அடுக்கில் நடுவில் காய் எதுவும் இல்லை, எனவே முதல் நகர்த்தலிலேயே செய்யலாம். விதியை நான் படித்துத்தான் இருந்தேன், ஆனால் பலகையில் பார்க்கும்வரை அது மண்டையில் ஏறவில்லை.

அன்று ராத்திரி வழக்கமான அடுக்கை வைத்துவிட்டு ஒவ்வொரு சிப்பாயாக எண்ணினேன். ஓரச் சிப்பாய்களுக்கு யானை, பி, ஜி இரண்டுக்கும் பிஷப், சி-க்கு ராணி, நடு இரண்டுக்கும் நாலு காய், எஃப்-க்கு ராஜா மட்டும். காவல் இல்லாத சிப்பாய் ஒன்றுகூட இல்லை. எத்தனையோ வருஷம் இதே அடுக்கில் ஆடியிருக்கிறேன், இதை ஒரு நாளும் கவனித்ததில்லை. எஃப்-7 பலவீனமான இடம் என்று சின்ன வயதில் மனப்பாடமாகச் சொன்னதோடு சரி, அந்த ஒரு சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர நாதியில்லை என்பதுதான் காரணம் என்று இப்போதுதான் கண்ணால் பார்த்தேன். மூல ஆட்டத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது அங்கேதான், அதைக் கூட்டியது நான் வெறுத்த மாற்று வகை.

ஏழு வாரம் ஆடினேன். வழக்கமான ஆட்டத்தில் நோட்டு காட்டிய முன்னேற்றம், ஓபனிங் வரிசை, அதாவது மனப்பாடமாக ஆடும் தொடக்க நகர்த்தல்கள், தீர்ந்துபோகும் இடத்தில் முன்பு வரும் தடுமாற்றம் குறைந்தது. 960இல் முதல் நகர்த்தலிலிருந்தே மனப்பாடம் கைகொடுக்காது என்பதால், தெரியாத நிலையைப் பார்த்துப் பயப்படாமல் யோசிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. ஃபிஷர் இதைக் கொண்டுவந்ததற்குக் காரணமே ஓபனிங் மனப்பாடத்தின் மேல் இருந்த கோபம்தான். மேல்மட்டத்திலும் அந்தக் குறை உண்மைதான், 2018 உலக சாம்பியன்ஷிப்பில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 வழக்கமான ஆட்டங்களும் டிரா. அடுத்த வருஷமே இந்த வகைக்கு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே முதல் உலகப் போட்டியை அங்கீகரித்தது, அதில் வெஸ்லி சோ அதே கார்ல்சனை 13.5–2.5 என்று வென்றார். இந்த வகை வந்ததால் மூல ஆட்டம் தேய்ந்துவிட்டதாக எனக்குப் படவில்லை.

அடுத்தது கிரேஸிஹவுஸ். எதிராளியிடமிருந்து பிடித்த காயை உங்கள் நிறத்தில் பலகையில் எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம், சிப்பாயை மட்டும் முதல், கடைசி வரிசைகளில் இறக்கக் கூடாது. ஜப்பானிய ஷோகியில் இருக்கும் முறை இது. ஆடுவதற்கு அப்படி ஒரு சந்தோஷம், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஆனால் நோட்டைப் பார்த்தால் வேறு கதை. இந்த வகையில் காய் ஆட்டத்தை விட்டுப் போவதே இல்லை, ஆகவே எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்துபோன இறுதிக் கட்டம், என்ற ஒன்று கிட்டத்தட்ட வராது. ஐந்து வாரம் ஆடிய பிறகு ஒரு வழக்கமான ஆட்டத்தில் எதிராளிக்கு இ-6இல் சிப்பாய், இ-5இல் ராஜா. என் ராஜா மட்டும் தனியாக இ-7இல், நகர்த்த வேண்டியது நான். நேராகப் பின்னால் இ-8க்குப் போனால் டிரா, இது ஆரம்பப் பாடம். நான் டி-8க்குப் போனேன். அவர் ராஜாவை டி-6இல் எனக்கு நேரெதிரே கொண்டுவந்து வைத்தார், அதோடு முடிந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பாடம் கையிலிருந்து நழுவிவிட்டது. அது மட்டுமில்லை, பலி கொடுக்கக் கூடாத இடத்தில் குதிரையைப் பலி கொடுத்த ஆட்டங்கள் அந்த மாதத்தில் ஆறு. இறக்குவதற்குக் கையில் காய் இருக்கிறது என்று உடம்பே நம்பிக்கொண்டிருக்கிறது. நிறுத்தி மூன்று வாரம் ஆன பிறகுதான் சரியாயிற்று.

நடுவில் அக்கா மகள் வந்திருந்தாள், எட்டு வயது. அவள் செஸ் கற்றதே ஆன்டிசெஸ் வழியாக, அதாவது காய்களை எல்லாம் இழந்தவர் ஜெயிக்கும் வகை, அதில் வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும். வழக்கமான ஆட்டம் போட்டோம். என் சிப்பாயை ராணியால் வெட்டினாள், ராணி போய்விட்டது. "ஏம்மா, அது காவல்ல இருக்கே, பாக்கலையா?" என்றேன். "பாத்தேன் மாமா. ஆனா வெட்டித்தானே ஆகணும்?" என்றாள். இதைக் கேட்டு எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவள் மேல் தப்பில்லை, எது அசல் எது மாற்று என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சிப்பாய்களையும் ராஜாவையும் மட்டும் வைத்து, யார் முதலில் கடைசி வரிசையைத் தொடுவது என்று அவளோடு இரண்டு நாள் ஆடினேன். அதுவும் ஒரு மாற்று வகைதான், ஆனால் அதில் கற்றது எதையும் பிறகு மறக்கடிக்க வேண்டியதில்லை. போவதற்குள் சிப்பாயை ராஜா எப்படித் துணைக்கு நின்று கூட்டிப்போக வேண்டும் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

கடைசியாக, நான் காப்பாற்றத் துடிக்கிற இந்த 'மூலம்' எவ்வளவு பழையது என்று பார்க்க, இன்றைய செஸ்ஸுக்கு முந்திய பழைய வடிவமான ஷத்ரஞ்ச் ஆடினேன். ராணி நிற்கும் இடத்தில் அதில் நிற்பது அமைச்சர், ஒரே ஒரு கட்டம் கோணலாக நகரும். பிஷப் இடத்தில் நிற்பது யானை, கோணலாக இரண்டாவது கட்டத்துக்குத் தாவும், மொத்தப் பலகையில் ஒரு யானை எட்டே கட்டங்களைத்தான் தொட முடியும். (அரபியில் பிஷப்புக்கு இன்றும் யானை என்றுதான் பெயர், நாம் அந்தப் பெயரை மூலையில் நிற்கும் காய்க்குக் கொடுத்துவிட்டோம்.) சிப்பாய்க்கு இரட்டை அடி கிடையாது, காஸ்லிங் கிடையாது. இரு பக்கமும் நெருங்கிவரவே பதினைந்து நகர்த்தல் ஆகிறது. முதல் இரண்டு ஆட்டம் பொறுமையைச் சோதித்தது. ஐந்தாவது ஆட்டத்தில், குதிரையும் மூலைக் காயும்தான் படையின் பலம் என்று உறைத்த பிறகு, அதற்கென்று ஒரு நிதானமான அழகு இருப்பது தெரிந்தது.

15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் அமைச்சருக்குப் பதிலாக ராணி வந்தாள், இன்று இருக்கும் அத்தனை வேகத்தோடும். அன்று இத்தாலியில் இதைப் பைத்தியக்கார ஆட்டம் என்கிற மாதிரிதான் அழைத்தார்கள். 1497இல் ஸ்பெயினில் லூசெனா என்பவர் அச்சிட்ட செஸ் புத்தகத்தில் பழைய விதிக்கான புதிர்களும் இருக்கின்றன, புது விதிக்கான புதிர்களும் இருக்கின்றன. கொஞ்ச காலம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன, அப்புறம் அங்கே பழையது போய்விட்டது. நான் மூலம் மூலம் என்று சண்டை போட்டது, தனக்கு முந்தியதை விழுங்கிய ஒரு மாற்று வகைக்காகத்தான். இது எனக்குச் சுலபமாக ஜீரணமாகவில்லை. புதிய வகை பழையதைக் கொல்லவே முடியாது என்று இனி நான் சொல்ல மாட்டேன். கொன்றிருக்கிறது, அதில் ஓர் இழப்பும் இருக்கிறது. ஆனால் 1920களில் உலக சாம்பியனாக இருந்த கபாபிளாங்கா டிரா பெருகிவிடும் என்று அஞ்சி 80 கட்டப் பலகையில் இரண்டு புதுக் காய்களோடு முன்வைத்தது ஊன்றவில்லை. முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் காஸ்லிங்கையே எடுத்துவிடலாம் என்றார், 2021இல் டோர்ட்மண்டில் ஆனந்தும் அவரும் அப்படியே நான்கு ஆட்டம் ஆடினார்கள், ஆனந்த் 2.5–1.5 என்று ஜெயித்தார், ஆனாலும் பரவலாக ஆடப்படுவது காஸ்லிங் உள்ள செஸ்தான்.

நோட்டை மூடும் முன் கணக்கு இது: 960 என் பழைய ஆட்டத்தைத் தூக்கிவிட்டது, கிரேஸிஹவுஸ் கெடுத்தது, ஷத்ரஞ்ச் இரண்டும் செய்யவில்லை. காய்களின் நடையையும் எண்ட்கேமையும் தொடாமல் விட்ட வகை எனக்கு உதவியது, பிடிபட்ட காய் என்ன ஆகும் என்பதை மாற்றிய வகை என் கையைக் குழப்பியது. கிரேஸிஹவுஸை முழுதாக விடவும் மனசில்லை, அதனால் இனி அதை ஆடும் நாளில் ஐந்து ராஜா-சிப்பாய் எண்ட்கேம் போட்ட பிறகுதான் எழுந்திருப்பது என்று வைத்திருக்கிறேன்.

இன்று சாயங்காலம் நண்பர் வருகிறார். பகடை உருட்டி அடுக்கிவைத்துவிட்டேன்: குதிரை, யானை, பிஷப், பிஷப், ராஜா, ராணி, யானை, குதிரை. ஓரச் சிப்பாய் இரண்டுக்கும் காவல் இல்லை.