புதுமண்டபத்துத் தையலும் தொண்டிச் சேறும்

மதுரையில் பாய்மரப் படகு வைத்திருக்கிறோம் என்றால், "வைகையிலயா ஓட்டுறீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். படகு நிற்பது திருநகரில், நண்பனின் வீட்டுக் கார் ஷெட்டில். ஓடுவது நூறு கிலோமீட்டருக்கு அப்பால், தொண்டிக் கடலில். நாலு பேர் சேர்ந்து சென்னையிலிருந்து பழைய படகாக வாங்கியது. 1956-இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த 'என்டர்பிரைஸ்' வகை. 4.04 மீட்டர் நீளம், இரண்டு பேர் ஓட்டுவது, பாய் நீல நிறம். இந்த வகைக்கு அந்த நீலம்தான் அடையாளம்.

கடலுக்குப் போவது மாதத்தில் ஒரு வார இறுதிதான். மற்ற ஞாயிறுகள் ஷெட்டில் கழியும். எனக்கு அந்த ஞாயிறுகளும் அதே அளவுக்குப் பிடிக்கும்.

போன மாசி மாதப் பயணத்துக்கு முன்னால் பெரிய பாயில் ஒரு முழ நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. பாய் தைக்க மதுரையில் யார் இருக்கிறார்கள்? புதுமண்டபத்தில் தலைமுறையாகத் தைத்துவிட்டு, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறியிருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷ உடுப்பும், கோயில்களில் தொங்கவிடும் துணித் தொம்பையும் குடையும் தைப்பவர். பாயை விரித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது பருத்தி இல்ல தம்பி. ஊசி போட்ட ஓட்டை திரும்ப மூடாது. புது ஓட்டை போட்டா தபால்தலை மாதிரி கிழிஞ்சிரும். பழைய ஓட்டையிலேயே நூலை விடணும்."

மிஷினை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, ஒவ்வொரு பழைய ஓட்டையாகத் தேடிக் கையாலேயே தைத்தார். ஒட்டுத்துணி வைக்க வேண்டிய இடத்தில் நான் சதுரமாக வெட்டப் போனதும் கையைப் பிடித்தார். "மூலையை வளைச்சு வெட்டுங்க. கூர்மூலை விட்டா அங்கேருந்துதான் கிழிசல் ஓடும்." பாய் தைக்கும் தொழில்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். காற்றில் ஆடும் துணியை வாழ்நாள் முழுக்கத் தைத்தவருக்குக் காற்றின் வேலை தெரியாமல் இருக்குமா?

சனிக்கிழமை அதிகாலை நாலு மணிக்கு டிரெய்லரை ஜீப்பில் மாட்டிக் கிளம்பினோம். பூவந்தி, சிவகங்கை, காளையார்கோவிலில் ஒரு டீ, திருவாடானை. கொச்சியிலிருந்து மூணாறு, தேனி, மதுரை வழியாக வரும் 85-ஆம் எண் நெடுஞ்சாலை தொண்டியில்தான் கடலைத் தொட்டு முடிகிறது. மரைன் போலீஸில் விவரம் சொல்லிவிட்டுக் கரையில் பாய்மரத்தை மாட்டிப் படகைத் தயாராக்கினோம்.

இந்தக் கரைக்குப் பாய் புதிதில்லை. தொண்டியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் திருவிழா என்றால் இன்றைக்கும் பாய்மரப் படகுப் போட்டி உண்டு. பாயை மேலே ஏற்றும் கயிறு, நாம் 'ஹாலியார்டு' என்று படித்துத் தெரிந்துகொண்டது, அவர்களுக்கு ஆஞ்சான். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "தாமானைக் கட்டி வைக்காதீக. கையிலேயே இருக்கட்டும்."

நாலு பேரில் முதலில் நானும் வங்கியில் வேலை பார்க்கும் நண்பனும் இறங்கினோம். எட்டு மணிக்குக் காற்று இருக்கிறதா என்றே தெரியவில்லை. பத்து மணிக்கு மேல் வாடையோடு கடல்காற்றும் சேர்ந்து எழுந்தது. கரையை நோக்கி வரும் காற்று. அதனால் வெளியே போவதற்கு எதிர்க்காற்றில் ஏற வேண்டும். காற்றுக்கு நேர் எதிராகப் படகு போகாது. காற்றுக்குச் சுமார் 45 டிகிரி விலகி இடப்பக்கம் கொஞ்ச தூரம், திருப்பி வலப்பக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் படபடவென்று அடித்து, சட்டென்று நிறைந்து, சத்தம் அடங்கிப் படகு சாய்ந்து பாய்கிற அந்த ஒரு கணத்துக்காக எத்தனை ஞாயிறு வேண்டுமானாலும் ஷெட்டில் கிடக்கலாம். பெரியவரின் தையல் துளிகூட அசையவில்லை.

பதினொன்றரை இருக்கும். கை வலிக்கிறது என்று நண்பன் தாமானைக் கிளீட்டில், அதாவது கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கொக்கியில், மாட்டினான். நானும் சரி என்றேன். அடுத்து வந்த திடீர்க் காற்றில் கயிற்றை விடுவிக்க நேரம் கிடைக்கவில்லை. படகு கவிழ்ந்தது.

கவிழ்ந்த படகை நிமிர்த்தப் பழகியிருக்கிறோம். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகைமேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் எழுந்துவிடும். அன்றைக்கு எழவில்லை. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். நாங்கள் இருந்த இடத்தில் நாலு மீட்டர்கூட இல்லை. பாய்மரம் அதைவிட நீளம். படகு முழுசாகத் தலைகீழாகி, மரத்தின் உச்சி அடிச்சேற்றில் குத்தி நின்றுவிட்டது. லைஃப் ஜாக்கெட் இருந்ததால் உயிருக்குப் பயமில்லை. ஆனாலும் ஒவ்வொரு அலைக்கும் படகு தூக்கிப்போடும்போது அந்த மரத்துக்கு என்ன ஆகிறதோ என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த வள்ளத்துக்காரர்கள் வந்தார்கள். நான் அவசரப்பட்டு இழுக்கப் போனதும் ஒருவர் அதட்டினார். "வெடுக்குன்னு இழுத்தா மரம் வளைஞ்சிரும். குத்துன வழியாவே உருவணும்." முன்பக்கத்தில் கயிறு கட்டி, படகின் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி, மெதுவாக, மிக மெதுவாக இழுத்தார்கள். நாங்கள் இருவரும் பலகைமேல் நின்று பாரம் கொடுத்தோம். கறுப்புச் சேறு ஒழுக மரம் மேலே வந்தது. காசு நீட்டினோம், வாங்கவில்லை. கரைக்கு வந்து டீ மட்டும் குடித்தார்கள்.

மறுநாளும் ஓட்டுவதாகத்தான் திட்டம். மாலையில் வழக்கம்போல ஒரு பழைய பனியனைக் கம்பிகளில் சுற்றி மேலிருந்து கீழே உருவினேன். பாய்மரத்தைத் தாங்கும் கம்பி 3 மில்லிமீட்டர் கனம். 19 இழை சேர்த்து முறுக்கியது. இடப்பக்கக் கம்பியின் அடியில், முனைக் குழாயை ஒட்டி, பனியன் சிக்கியது. ஒரு இழை அறுந்து மீன்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் பழுப்புத் துரு. அது அன்றைக்கு அறுந்ததில்லை. குழாய்க்குள் உப்புத்தண்ணீர் தங்கினால் எவர்சில்வரும் உள்ளுக்குள் அரிக்கும். இன்னும் 18 இழை இருக்கிறதே, கரையோரமாக ஒரு சுற்று போகலாமே என்று பேச்சு வந்தது. ஓர் இழை போனால் மற்றவையும் போகும் வயதில்தான் இருக்கும். மரம் சாய்ந்து யார் தலையிலாவது விழுந்தால் என்ன செய்வது? கரையில் காத்திருந்த இரண்டு பேருக்கும் அந்தப் பயணத்தில் கடல் கிடைக்கவில்லை. அவர்களில் டயர் கடை வைத்திருப்பவன்தான் முதலில் எழுந்து பாயைச் சுருட்டினான்.

ஞாயிறு மதியம் திருநகர். குழாய்த் தண்ணீரில் படகைக் கழுவுவதற்கே இரண்டு மணி நேரம். ஆணி ஆணியாக, கப்பி கப்பியாகக் கழுவ வேண்டும். எவர்சில்வர் ஆணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்பு தங்கினால் வெள்ளைப் பொடி கிளம்பும். அடியில் உரசிப்போன இடத்துக்கு ஃபைபர் ஒட்டு போட வேண்டும். மதுரை வெயிலில் பத்து மணிக்கு மேல் ரெசினைக் கலக்கினால் கிண்ணத்திலேயே இறுகிப்போகும் என்பதால், அதை அடுத்த ஞாயிறு விடியற்காலைக்குத் தள்ளினோம். இரண்டு பக்கத்துக்கும் புதுக் கம்பி சென்னையில் சொல்லியாயிற்று. மர உச்சியில் கட்ட ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றைக் கழுவிக் காயவைத்திருக்கிறோம். கவிழ்ந்தாலும் அது உச்சியை மிதக்கவைக்கும்; மரம் சேற்றுக்குப் போகாது.

கடைசியாகப் பாய்மரத்தைச் சாய்த்து உச்சித் துளையில் ஹோஸை வைத்தேன். முதலில் கறுப்புச் சேறு வந்தது. அப்புறம் கலங்கல். அப்புறம் நாடா மாதிரி ஒரு முழ நீளக் கடல்தாழை இலை, பச்சை மாறாமல், வழுக்கிக்கொண்டு வந்து நண்பனின் அம்மா வைத்திருக்கும் மல்லிகைத் தொட்டிக்கு அருகில் விழுந்தது. அம்மா குனிந்து எடுத்து முகர்ந்து பார்த்தார்கள்.

"தொண்டியிலேருந்தாப்பா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, அதைத் துணிக்கொடியில் காயப்போட்டார்கள்.