எண்பது ரேண்டு பிரியாணி

போன சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கவில்லை. கோயில் மண்டபம் முழுக்க வெங்காய வாசம். விடிவதற்கு முன்பே மூன்று பெரிய அண்டாக்களை அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து, வா டீச்சர் என்று கையில் ஒரு கத்தியைக் கொடுத்து உருளைக்கிழங்கு மூட்டை முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பிரியாணி நம் ஊர்ப் பிரியாணி இல்லை. மசூர் பருப்பும் உருளைக்கிழங்கும் இல்லாவிட்டால், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் இந்தச் சாட்ஸ்வொர்த்தில் யாரும் அதைப் பிரியாணி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது, எனக்கு அந்தப் பருப்பு இன்னும் பழகவில்லை. சரி, அது வேறு பஞ்சாயத்து.

நானூறு டப்பா, டப்பா 80 ரேண்டு. செலவு போக 15,000 ரேண்டு சொச்சம் மிஞ்சியது. இதே மண்டபத்தில் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம், கொக்கைன் போன்ற போதையை விட முயற்சி செய்கிறவர்கள் கூடுகிறார்கள். அதை நடத்துகிற இரண்டு சமூகப் பணியாளர்களில் ஒருவருக்கு இந்த மாதச் சம்பளம் இந்தப் பணம்தான். அடுத்த மாதத்துக்கு? தெரியாது.

அரசு உதவி இல்லாமல் இல்லை, ஆனால் நேரத்துக்கு வருவதில்லை. நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. போன வருடம் ஏப்ரலில் வந்திருக்க வேண்டிய முதல் தவணை ஜூலையில்தான் கணக்கில் ஏறியது. நடுவில் தணிக்கை அறிக்கை கேட்டார்கள், கொடுத்தோம், பிறகு அதையே வேறு படிவத்தில் கேட்டார்கள். மூத்த பணியாளர் மே மாதக் கடைசியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் சம்பளமில்லாமல் இருப்பார்? அவரிடம் மட்டும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த ஒரு பையன் அடுத்த வாரத்திலிருந்து வருவதை நிறுத்திவிட்டான். அவனுடைய பாட்டிதான் சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு உரித்தது. "அவன் வராட்டியும் நான் வரேன் கண்ணு" என்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆள் போனால் இன்னொரு ஆள், இதில் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் இருக்கிறது, மருந்தைக் கொடுத்து உடம்பைக் கொஞ்சம் நிலைநிறுத்திவிட்டு மற்றதைப் பார்க்கலாம். கொக்கைனுக்கு அப்படி ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இன்றுவரை கிடையாது. உட்கார்ந்து பேசுவது, எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது ஆசை கிளம்புகிறது என்று கண்டுபிடிப்பது, அந்த நேரத்தை வேறு எதிலாவது கடத்தப் பழக்குவது, இதுதான் வைத்தியம். ஆகவே இங்கே சம்பளம் என்பது நிர்வாகச் செலவு இல்லை, மருந்துச் செலவு. இதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் கொக்கைன் தடயம் இல்லையென்றால் 20 ரேண்டுக்கு போன் ஏர்டைம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கொக்கைன் போன்ற ஊக்கப் போதைகளுக்கு இப்படிச் சின்னப் பரிசு தரும் முறைதான் ஆய்வுகளில் மிக நன்றாக வேலை செய்திருக்கிறது. தடயம் இரண்டு மூன்று நாள் சிறுநீரில் தங்கும் என்பதால் வாரம் இரண்டு முறை பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கணக்குப் பார்க்க வந்தவர் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, "போதைக்காரர்களுக்குப் பரிசா?" என்றார். ஏர்டைம் நின்றுபோனது.

சாட்ஸ்வொர்த்துக்கு இதெல்லாம் புதிதில்லை. 2000களின் நடுவில் சுகர்ஸ் என்ற மலிவுப் போதை வந்து தெருத்தெருவாகப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. மட்டமான ஹெராயினில் கொக்கைனும் கண்டதும் கலந்தது என்பார்கள். அப்போது ஊர்வலம் போனார்கள், பேனர் பிடித்தார்கள். ஊர்வலம் போவதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அதற்குக் கிடைக்கிற கேமராவில் பாதிகூடச் செவ்வாய்க்கிழமை மண்டபத்துக்கு வந்ததில்லை.

பிடிப்பதற்கு மட்டும் குறைவில்லை. 2021 ஜூனில் பக்கத்து இசிப்பிங்கோவில் ஒரு கண்டெய்னரிலிருந்து 541 கிலோ கொக்கைனைப் பிடித்தார்கள். மதிப்பு சுமார் 20 கோடி ரேண்டு. கொண்டுபோய் போர்ட் ஷெப்ஸ்டோனில் ஹாக்ஸ் என்கிற பெருங்குற்றப் புலனாய்வுப் போலீஸ் அலுவலகத்தில் வைத்தார்கள், நவம்பரில் அங்கிருந்தே மொத்தமும் திருடுபோனது! நாங்கள் 15,000க்கு ரசீது எண் போட்டுக் கோப்பில் குத்திவைத்திருக்கிறோம்.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் 70ஆம் எண் போதைத் தடுப்பு, சிகிச்சைச் சட்டம், வீட்டிலிருந்தபடியே ஊருக்குள் பெறும் சேவைகளையும் சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்பையும் தனியாகவே பேசுகிறது. ஆனால் சேவை செய்கிற அமைப்புகளுக்கு அமைச்சர் நிதியுதவி 'தரலாம்' என்றுதான் இருக்கிறது. தமிழ் சொல்லித்தருகிறவள் என்பதால் எனக்கு அந்த 'லாம்' கண்ணில் உறுத்துகிறது. 'வேண்டும்' என்று இருந்தால் ஏப்ரல் ஏப்ரலாகவே இருந்திருக்கும். பிரிட்டோரியா பக்கம் 2016இல் ஷ்வானே நகராட்சி தன் பணத்தைப் போட்டு, பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, இந்தச் சேவையை ஊருக்குள்ளேயே தொடங்கியது. முடியாத காரியமில்லை.

அடுத்த பிரியாணி ஆடிக் கூழ் முடிந்த மறு சனிக்கிழமை. கோழி 80, காய்கறி 70. டப்பா வேண்டுமென்றால் வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள், காலை எட்டரைக்குப் பிறகு வந்து தீர்ந்துவிட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். கிழங்கு உரிக்க ஆள் வேண்டும், ஐந்து மணிக்கு.