சிட்னி கிரவுண்டுக்குள்ள ஊரே இறங்கின ராத்திரி

கொரோனாவுக்கு அப்புறம் ஆஸ்திரேலியா டூரிஸ்டுகளை உள்ள விட ஆரம்பிச்சதே 2022 பிப்ரவரி கடைசிலதான். விட்ட கையோட டிக்கெட் போட்டு சிட்னில பெண்டில் ஹில்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போய் இறங்கிட்டேன். ஓபரா ஹவுஸ், ஹார்பர் பிரிட்ஜ், ப்ளூ மவுண்டன்ஸ் எல்லாம் ஆளாளுக்கு எழுதித் தள்ளியாச்சு, தவிர அந்த மார்ச் மாசம் சிட்னில அடிச்ச மழைக்கு ஹார்பர் பிரிட்ஜே பாதி நாள் கண்ணுக்குத் தெரியல. அதனால அதெல்லாம் வேண்டாம். மார்ச் 25, வெள்ளிக்கிழமை ராத்திரி சிட்னி கிரிக்கெட் கிரவுண்டுல நடந்ததை மட்டும் எழுதறேன். நடந்தது கிரிக்கெட் இல்ல, இவங்க ஃபுட்டின்னு சொல்ற ஆஸ்திரேலிய ஃபுட்பால், சிட்னி ஸ்வான்ஸுக்கும் ஜிலாங்குக்கும் மேட்ச்.

முதல்ல எங்க அக்காவைப் பத்தி சொல்லணும். ஊர்ல அப்பா மேட்ச் போட்டா டிவி பக்கமே வராத ஆளு, கிரிக்கெட்னாலே தூக்கம் வருதுன்னு சொல்லிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவா. அப்பேர்ப்பட்டவ கழுத்துல சிவப்பும் வெள்ளையுமா ஸ்வான்ஸ் ஸ்கார்ஃப் சுத்திக்கிட்டு "டேய், சீக்கிரம் கிளம்புடா, இன்னிக்கு பட்டி அடிச்சாலும் அடிச்சுருவான்"னு கத்தறா. பையனை ஆஸ்கிக்னு சின்னப் பசங்களுக்கான ஃபுட்டி கோச்சிங்ல சேத்துவிடப் போய் வாரா வாரம் லைன்ல நின்னு பாத்துப் பாத்து இவளுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு.

பட்டின்னா லான்ஸ் ஃப்ராங்க்ளின். ஆஸ்திரேலியாவுல யாரும் முழுப் பேரைச் சொல்றதில்ல, பட்டிதான். கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம், இடது கால் ஆட்டக்காரர், முதுகுல 23ம் நம்பர். அன்னிக்கு 996 கோல்ல நின்னுட்டிருந்தார். இன்னும் நாலு அடிச்சா ஆயிரம். 1897ல ஆரம்பிச்ச இந்த ஃபுட்டி லீக்ல அதுவரைக்கும் ஆயிரத்தைத் தொட்டது அஞ்சே பேரு: டோனி லாக்கெட், கோர்டன் கவென்ட்ரி, ஜேசன் டன்ஸ்டல், டக் வேட், கேரி ஏப்லெட் சீனியர். 90கள்ல அந்த அஞ்சு பேரோட கதவை மூடினதுதான், அப்புறம் ஒருத்தரும் உள்ள வரல.

சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கி லைட் ரயில் பிடிச்சா மூர் பார்க்ல இறக்கிவிடும், அங்கேருந்து நடந்துடலாம். போறவங்களுக்கு ஒரு டிப்ஸ்: மேட்ச் அன்னிக்கு லைட் ரயில்ல நிக்க இடம் கிடைச்சாலே பெருசு, சீக்கிரம் கிளம்புங்க. எங்க பெட்டி முழுக்க சிவப்பு வெள்ளை, பாதிப் பேர் முதுகுல 23. அக்கா பையன் ஒவ்வொருத்தர் முதுகையும் எண்ணிட்டே வந்தான், பாதில விட்டுட்டான், அத்தனை பேர்.

எனக்கு உள்ள நுழைஞ்சதும் முதல்ல ஞாபகம் வந்தது அஸ்வின்தான். 2021 ஜனவரில முதுகு வலியோட நிமிர முடியாம நின்னு, விஹாரிகூட சேந்து கடைசி நாள் முடியற வரைக்கும் கட்டை போட்டு டெஸ்ட்டை டிரா பண்ணாரே, அதே கிரவுண்டு. சச்சின் 2004ல கவர் டிரைவே ஆடாம 241 அடிச்சதும் இங்கதான். பச்சைக் கூரை போட்ட அந்தப் பழைய மெம்பர்ஸ் பெவிலியனை டிவில பாத்துப் பாத்துப் பழகினதால ஏற்கெனவே வந்த இடம் மாதிரி இருந்தது. ஆனா ஸ்டம்ப் இருக்கற இடத்துல ஒண்ணும் இல்ல, ரெண்டு கோடிலயும் நாலு நாலு கம்பம் நிக்குது.

ஆட்டத்தைப் பத்தி அக்கா பாடம் எடுத்தா. சைடுக்கு 18 பேர். முட்டை மாதிரி பந்து. உதைக்கலாம், இல்ல ஒரு கைல வெச்சு இன்னொரு கை முஷ்டியால குத்திப் பாஸ் பண்ணலாம், தூக்கி எறியக்கூடாது. நடு ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 6 பாயிண்ட், சைடு கம்பத்துக்கு நடுவுல போனா ஒண்ணே ஒண்ணு. உதைச்ச பந்தை வேற யாரும் தொடறதுக்கு முன்னாடி அந்தரத்துல பிடிச்சா அதுக்குப் பேர் மார்க், பிடிச்சவனை யாரும் தொடக்கூடாது, நிதானமா நின்னு அடிக்கலாம். "அவ்ளோதாண்டா, மீதி எல்லாம் ஓட்டம்"னுட்டா. மீதி எல்லாம் ஓட்டம்ங்கறது சத்தியமான வார்த்தை, அந்தப் பசங்க ஓடற ஓட்டத்தைப் பாத்தாலே நமக்கு மூச்சு வாங்குது.

ஒரு விஷயம் வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. சிட்னி இந்த ஆட்டத்தோட ஊரே இல்ல. இது மெல்போர்ன் ஆட்டம். சிட்னி பூரா ரக்பிதான். ஸ்வான்ஸே மெல்போர்ன்ல சவுத் மெல்போர்ன்னு இருந்த கிளப், காசில்லாம தவிச்சு 1982ல இங்க குடிபெயர்ந்து வந்தது. வந்தேறி கிளப்பைத் திரும்பிப் பாக்க வைக்க ஒரு ஸ்டார் வேணும்ல. 90கள்ல டோனி லாக்கெட்டைக் கொண்டுவந்தாங்க. 2013 கடைசில ஹாத்தார்ன் கிளப்ல ரெண்டு கோப்பை ஜெயிச்சு முடிச்ச பட்டியை ஒன்பது வருஷத்துக்கு 1 கோடி டாலர்னு பேசித் தூக்கிட்டு வந்தாங்க. அவர் சிட்னிலயே இருக்கற இன்னொரு கிளப்புக்குப் போறார்னு எல்லாரும் நினைச்சிட்டிருந்தப்ப நடந்த வேலை அது. 27 வயசை நெருங்கற ஆளுக்கு ஒன்பது வருஷமா, பைத்தியமா இவனுங்களுக்குன்னு எழுதாத பேப்பர் இல்லையாம். அந்தக் கணக்குல கடைசி வருஷம்தான் 2022. நடுவுல 2020 சீசன் முழுக்க காயத்தால ஒரு மேட்ச்கூட ஆடல, முடிஞ்சுபோச்சுன்னுதான் பேசிக்கிட்டாங்க. மனசு சரியில்லன்னு 2015ல ஃபைனல்ஸ் நேரத்துல விலகி இருந்திருக்கார், அதையும் மறைக்காம வெளில சொன்ன கிளப் அது. எனக்கு இந்த இடத்துலதான் அந்த ஆள் மேல மரியாதை கூடிச்சு, கோல் கணக்குக்கு எல்லாம் அப்புறம்தான்.

பக்கத்து சீட்டுல ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எழுபதுக்கு மேல இருக்கும், மடில ஒரு பழைய கம்பளி, கைல சாஸ் ஊத்தின மீட் பை. 1999 ஜூன்ல லாக்கெட் 1300வது கோல் அடிச்சு கவென்ட்ரியோட ரெக்கார்டை உடைச்சது இதே கிரவுண்டுலதான், அன்னிக்கு நானும் வேலி தாண்டி உள்ள ஓடினேன்னு பெருமையா சொன்னாங்க. அதுக்கும் முன்னாடி 1993ல லாக்கெட் எதிர் டீம்ல இருந்தப்ப அவரைக் கிண்டல் பண்ண யாரோ ஒரு பன்னிக்குட்டியை கிரவுண்டுக்குள்ள அவுத்துவிட்ட கதையும் சொன்னாங்க. அதே சிட்னிதான் ரெண்டு வருஷத்துல அதே லாக்கெட்டைத் தலைல தூக்கி வெச்சு ஆடிச்சு. ரசிகன்னா எந்த ஊர்லயும் அப்படித்தான் போல.

இதுல எனக்குப் புரியாம இருந்தது ஒண்ணுதான். நம்ம ஊர்ல ஒருத்தன் வேலி தாண்டிக் குதிச்சு தோனி கால்ல விழுந்தா நாலு பேரு அவனைத் தூக்கிட்டு ஓடுவாங்க. இங்க பெரிய கோல் விழுந்தா ஜனம் உள்ள ஓடும்ங்கறது ஊரறிஞ்ச வழக்கம். 2008ல பட்டி ஒரே சீசன்ல 100 கோல் தொட்டப்பவும் மெல்போர்ன்ல ஓடியிருக்காங்க (அதே மேட்ச்ல எதிர் டீம் ஃபெவோலா 99ல நின்னுபோனார் பாவம், பட்டிக்கு அப்புறம் யாருமே ஒரு சீசன்ல 100 அடிக்கல). செக்யூரிட்டிக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும், ரெண்டு டீமுக்கும் தெரியும். தடுக்க முடியாதுங்கறதை ஒத்துக்கிட்டு அவரை எப்படி பத்திரமா வெளில கொண்டுபோறதுன்னு பிளான் போடறாங்க.

கடைசி குவார்ட்டர். ஆயிரத்துக்கு இன்னும் ஒண்ணு. உக்காந்திருந்த ஜனம் எல்லாம் படில இறங்கி வேலிகிட்ட வந்து நிக்குது, பசங்க விளம்பர போர்டு மேல ஒரு காலைப் போட்டு ரெடியா நிக்கறானுங்க, முன்னாடி மஞ்சள் சட்டை செக்யூரிட்டி ஆளுங்க வரிசையா நின்னு எங்களைப் பாத்தபடி நிக்கறாங்க, அதுல ஒருத்தர் அப்பப்ப திரும்பி ஆட்டத்தை எட்டிப் பாத்துக்கறார். பந்து ஸ்வான்ஸ் பக்கம் வந்தாலே ஓன்னு சத்தம், பட்டிகிட்ட போகலன்னா அவங்க டீமையே திட்டறாங்க, அவங்க டீம்தான் ஜெயிச்சிட்டிருக்கு, அதைப் பத்தி ஒருத்தருக்கும் கவலையில்ல. சாட் வார்னர்னு ஒரு சின்னப் பையன் பந்தோட ஓடி வந்தான், தலை தூக்கிப் பாத்தான், பட்டியைப் பாத்து உதைச்சான். பட்டி பிடிச்சார்.

அந்த ஆளு நேரா ஓடி வந்து அடிக்கறதில்ல. இடது கால்காரர்ங்கறதால இடது பக்கமா ஒரு வளைவு எடுத்து, வில்லு மாதிரி சாஞ்சு வந்து அடிப்பார், அக்கா பையன் வீட்டுக்கூடத்துல சோஃபாவை இடிச்சுக்கிட்டுப் பண்ணிக் காட்டினதும் அதேதான். அன்னிக்கும் அதே வளைவு. பந்து காலை விட்டுக் கிளம்பினதைப் பாத்தேன், கம்பத்தைத் தாண்டினதைப் பாக்கல, ஏன்னா அதுக்குள்ள முன்னாடி இருந்தவன் எல்லாம் வேலி மேல ஏறிட்டான்.

பாட்டி என் கையைத் தட்டி, பையை இங்க வெச்சிட்டுப் போ, நான் பாத்துக்கறேன், எனக்கு முட்டி ஒத்துழைக்காதுன்னாங்க. அக்கா ஒரு கைல பையனைப் பிடிச்சு இன்னொரு கைல சுடிதாரைத் தூக்கிக்கிட்டு வேலியைத் தாண்டிட்டா. நான் வாயைப் பொளந்துட்டு நின்னு, அப்புறம் நானும் தாண்டினேன்.

உள்ள இருந்ததைச் சொன்னா நம்ப மாட்டீங்க. முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல வந்திருந்த மேட்ச், அதுல எத்தனை ஆயிரம் பேர் உள்ள இறங்கினாங்கன்னு யாரால எண்ண முடியும், பச்சையே தெரியல. ஈரப்புல்லு, ஷூ சறுக்குது, ஒரு அப்பா பொண்ணைத் தோள்ல வெச்சுக்கிட்டு ஓடறார், ஜிலாங் ஜெர்சி போட்ட பசங்களும் எங்ககூட சேந்து ஓடறானுங்க, எவனோ ஒருத்தனோட ஒத்தைச் செருப்பு நடு கிரவுண்டுல அனாதையா கிடக்கு. பட்டி எங்க இருக்கார்னே தெரியல, தூரத்துல ஒரு பெரிய கொத்தா ஜனம் நகருது, அதுக்கு நடுவுல அவர் தலை மட்டும் எட்டி எட்டித் தெரியுது, டீம் ஆளுங்களும் செக்யூரிட்டியும் சுத்தி நின்னு தள்ளிட்டுப் போறாங்க. அக்கா பையன் "மாமா, தலை தெரியுது பாருங்க, பாருங்க"ன்னு குதிக்கறான். நான் நடுவுல பிட்ச் இருக்கற சதுரத்தைத் தேடிப் போய் நின்னுட்டேன். அந்த இடத்துல மண்ணு கெட்டியா, புல்லு வேற மாதிரி ஒட்ட வெட்டின மாதிரி இருந்தது. அஸ்வின் உடம்பெல்லாம் அடி வாங்கி நின்ன இடம். குனிஞ்சு தொட்டுப் பாத்தேன், பக்கத்துல நின்ன பையன் நான் பட்டிக்காகத்தான் மண்ணைத் தொட்டுக் கும்பிடறேன்னு நினைச்சு முதுகுல தட்டிக் குடுத்துட்டுப் போனான்.

மைக்ல எல்லாரும் வெளில போங்க போங்கன்னு கெஞ்சறாங்க, யாரு கேக்கறா. ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல நின்னுபோச்சு. இன்னும் மேட்ச் முடியல பாருங்க, அதான் வேடிக்கை. மெதுவா ஜனம் திரும்பி வேலி தாண்டி அவங்கவங்க சீட்டுக்கு வந்து உக்காந்து, ரெண்டு டீமும் மறுபடி இறங்கி மிச்ச நிமிஷங்களை ஆடி முடிச்சாங்க. ஸ்வான்ஸ் 107, ஜிலாங் 77. கோல் அடிச்ச பந்து கூட்டத்துக்குள்ள போய் ஒரு ரசிகர் கைல மாட்டி, அப்புறம் அவர் அதைத் திருப்பிக் குடுத்துட்டதா நியூஸ்ல சொன்னாங்க. நானா இருந்தா குடுத்திருப்பேனான்னு தெரியல.

திரும்பற ரயில்ல அக்கா வேற ஒண்ணு சொன்னா. பட்டி மேற்கு ஆஸ்திரேலியாவுல டவரின்னு ஒரு கோதுமை விளையற சின்ன ஊர்ல வளந்தவர், அம்மா வழில நூங்கார் பழங்குடி. இதே ஸ்வான்ஸ்ல இன்னொரு பழங்குடி ஆட்டக்காரர் இருந்தார், ஆடம் குட்ஸ், ரெண்டு தடவை லீக்கோட சிறந்த வீரர், 2014ல நாட்டோட சிறந்த குடிமகன் விருது. இனவெறியைப் பத்தி வாயைத் திறந்து பேசினார்ங்கறதுக்காக 2015ல கிரவுண்டு கிரவுண்டா அவரைக் கூச்சல் போட்டு விரட்டினாங்க. ரிட்டயர் ஆனவங்களுக்கு கிராண்ட் ஃபைனல்ல நடக்கற மரியாதைச் சுத்துக்குக்கூட அவர் போகல. நாலு வருஷம் கழிச்சுதான் லீக் மன்னிப்பு கேட்டுது. "இன்னிக்கு ஓடினவன்ல அன்னிக்குக் கத்தினவனும் இருப்பாண்டா"ன்னா அக்கா. பையன் தூங்கிட்டான்னு நினைச்சு சொன்னா, அவன் முழிச்சுதான் இருந்தான், யாரும்மா கத்தினதுன்னு கேட்டு வீடு வர்ற வரைக்கும் விடல.

அந்த வருஷம் செப்டம்பர்ல மெல்போர்ன் கிராண்ட் ஃபைனல்ல அதே ஜிலாங் ஸ்வான்ஸை 81 பாயிண்ட் வித்தியாசத்துல அடிச்சு நொறுக்கிட்டாங்க. பட்டிக்கு ஸ்வான்ஸ் சட்டைல கோப்பை கடைசி வரைக்கும் கிடைக்கல, மூணு கிராண்ட் ஃபைனல்லயும் தோல்விதான். 2023 ஜூலைல கெண்டைக்கால் காயத்தோட ஆட்டத்தை முடிச்சுக்கிட்டார், 354 மேட்ச், 1066 கோல்.

அடுத்த ஆயிரம் எப்பன்னு அக்கா பையன்கிட்ட போன்ல கேட்டேன். அன்னிக்கு எதிர் டீம்ல ஆடின டாம் ஹாக்கின்ஸ்கூட 796லதான் முடிச்சிருக்கார். இப்பல்லாம் கோல் அடிக்கற வேலையை டீம் முழுக்கப் பிரிச்சுக்கறாங்க, டிஃபன்ஸும் டைட், ஒருத்தனை மட்டும் நம்பி யாரும் ஆடறதில்ல. எனக்கென்னவோ இனிமே யாரும் தொட மாட்டாங்கன்னுதான் தோணுது. அவன் ஒத்துக்கல, இன்னும் இருபது வருஷத்துல ஒருத்தன் வருவான்னு சண்டைக்கு நிக்கறான், யாருடா அதுன்னா சிரிக்கறான், சோஃபாவைச் சுத்தி அந்த இடது கால் வளைவு இன்னும் நடக்குதுன்னு அக்கா பின்னாடிலேருந்து சொல்றா.