கூடவே வரும்

மார்ச் 4
பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணு, 48,000. குறைந்தது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். சில சமயம் சோதனைக் குழாயிலேயே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மெஷின் குறைத்து எண்ணிவிடுமாம். சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்திருக்கிறார்கள். ஒட்டித்தான் இருக்கட்டும், கடவுளே.

மார்ச் 5
ஒட்டவில்லை. 46,000.

மார்ச் 8
டாக்டர் முதலில் கழுத்தைத்தான் தொட்டுப் பார்த்தார். எனக்கிருக்கும் ஹாஷிமோட்டோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய். அது இருப்பவர்களில் சிலருக்கு, அதே எதிர்ப்புச் சக்தி தட்டணுக்களை அழிக்கும் ஐடிபியும் வருமாம். தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி வேறு, தட்டணுமேல் போய் ஒட்டும் ஆன்டிபாடி வேறு. ஒட்டியதை மண்ணீரல் பிடித்து அழித்துவிடும். நல்ல தட்டணுவே பத்து நாள்தான் வாழும், அதையும் விட்டுவைக்காதா?

“அப்ப தைராய்டுதான் காரணமா டாக்டர்?”

“காரணம்னு சொல்ல முடியாதும்மா. கூடவே வரும்.”

கூடவே வரும். இதெல்லாம் ஒரு பதிலா?

30,000க்குக் கீழே போனாலோ ரத்தம் கசிந்தாலோ ஸ்டீராய்டு. அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். யார் பார்ப்பது? நான்தான், ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று கால் முழுக்க டார்ச் அடித்து.

மார்ச் 9
தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். 1950இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்க டாக்டர், இந்த நோய் இருந்தவரின் ரத்தத்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டிருக்கிறார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் மளமளவென்று சரிந்தன, வலிப்பே வந்துவிட்டது. தட்டணுவை அழிப்பது ரத்தத்திலேயே ஓடுகிறது என்று அப்படித்தான் பிடிபட்டது. பைத்தியக்காரத் துணிச்சல். அந்த நோயாளியின் தைராய்டை யாராவது பார்த்தார்களா?

மார்ச் 12
தலைவலி. ஆஸ்பிரின் கூடாது, இபுப்ரோஃபென் கூடாது. இருக்கிற தட்டணுக்களையும் அவை வேலை செய்யவிடாது. பாராசிட்டமாலோடு படுத்துக் கிடக்கிறேன்.

மார்ச் 15
தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச், 11. தைராக்சின் மாத்திரையின் அளவைக் கூட்டியாயிற்று. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ்காரர்களில் சிலருக்குச் சுரப்பை அடக்கினாலே தட்டணு ஏறிவிடுமாம். எனக்குச் சுரப்பதே இல்லை. அதிலும் அதிர்ஷ்டம் கிடையாது.

மார்ச் 17
கூடவே வரும் என்றால் எது முன்னால், எது பின்னால்?

மார்ச் 22
52,000!

டாக்டர் கண்டுகொள்ளவே இல்லை. இவ்வளவு ஏற்ற இறக்கம் சாதாரணமாம். புது அளவு டிஎஸ்எச்சில் முழுசாகத் தெரியவே ஆறு வாரம் ஆகும், அதற்குள் தட்டணுவுக்கு மாத்திரையைக் காரணம் சொல்லாதே என்கிறார். சரி, சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

மார்ச் 24
அம்மாவுக்கும் தைராய்டு இருந்தது. அக்காவைப் பரிசோதனைக்குப் போகச் சொன்னால், “உன் வியாதிய எனக்கு ஒட்டாத” என்கிறாள். ஒரு வருஷமாக அவளுக்கு முடி கொட்டுகிறது. நாளைக்கு நானே கூட்டிப் போகிறேன்.