பதினோரு கண் பாலமும் ஆச்சியின் பிச்சிப்பூக் கூடையும்

திருநெல்வேலியிலிருந்து நேற்று ராத்திரிதான் திருப்பூர் வந்து சேர்ந்தோம். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு அங்கே தாமிரபரணியின் மேல் நிற்கிற சுலோசன முதலியார் பாலத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது. சரி, பாலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

போன பஸ்ஸைப் பற்றி நாலு வரி சொல்லாமல் இருக்க முடியாது. புஷ்பேக் சீட் என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். சாய்க்கிற பிடியை இழுத்தால் கையோடு வந்துவிட்டது. ஜன்னல் முக்கால்வாசிதான் மூடியது. மார்கழிக் குளிர் மதுரை தாண்டும்வரை முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. என் மகன் எட்டாவது படிக்கிறான். அவனுக்கு என் சால்வையைக் கொடுத்துவிட்டு நான் சேலைத் தலைப்பால் காதைச் சுற்றிக்கொண்டேன். ஒரு ஆளுக்கு 750 ரூபாய் வாங்குகிறவர்கள் ஒரு ஜன்னலைச் சரி செய்ய மாட்டார்களா?

விடிகாலை ஐந்து மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள். நாங்கள் லாட்ஜ் போட்டிருந்தது ஜங்ஷனில். ஆட்டோக்காரர் 400 கேட்டார். பேசிப் பேசி 250-க்கு வந்தார். கொக்கிரகுளம் வரைக்கும் ஒழுங்காக வந்தவர், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "யக்கா, ஜங்ஷன் பக்கம் ரோடு அடைச்சிருக்கு, சுத்தித்தான் போவணும். இன்னொரு 150 போட்டுக் குடுங்க" என்றார்.

"அண்ணாச்சி, ஏறும்போது இதைச் சொல்லலையே?"

"அப்பம் இங்கனயே இறங்கிக்கோங்க."

இறங்கிவிட்டேன். 250-ஐயும் முழுசாக வாங்கிக்கொண்டுதான் போனார். எதிரே ஜங்ஷன் பக்கமிருந்து பஸ் பஸ்ஸாக வந்துகொண்டிருந்தது. எந்த ரோட்டை யார் அடைத்தார்கள்? திருநெல்வேலிக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், அரை மணி காத்திருந்தாலும் பரவாயில்லை, டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. பையனுக்கு மட்டும் எடுத்தால் போதும். அன்றைக்கு மிச்சப்படுத்தியிருக்க வேண்டிய 250 ரூபாய் எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு.

ஆனால் அந்த மனுஷன் இறக்கிவிட்டதால்தான் சுலோசன முதலியார் பாலத்தை நடந்து கடந்தேன். கல்யாணமாகிப் போன பிறகு இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன். நடந்ததில்லை.

தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. கீழே தாமிரபரணியின் மேல் பனி வெள்ளையாகப் படர்ந்து கிடந்தது. பேப்பர் கட்டுகளை ஏற்றிய ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. பாலத்தின் நடுவே வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. எங்கள் ஆச்சி மூச்சு வாங்க நிற்கிற இடம் அது.

ஆச்சி வண்ணார்பேட்டைக்காரி. ஜங்ஷனில் பூ விற்றாள். பிச்சிப்பூவை ஈரத்துணி போட்டு மூடி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் இந்தப் பாலத்தைக் கடப்பாள். லீவுக்குப் போனால் நானும் கூடப் போவேன். நடுப்பாலத்தில் கூடையை இறக்கி, கைப்பிடிச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கோயிலில் கும்பிடுவதுபோலவே இருக்கும். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏட்டி, இந்தப் பாலத்துக்கு எத்தன கண்ணு?" என்பாள். கண் என்றால் அடியில் தண்ணீர் போகிற வளைவு. மேலே நின்றால் அது எங்கே தெரியும்? வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வேன். "பதினொண்ணு. ஒரு பொம்பளை கழுத்துல காதுல கெடந்தத கழத்திக் குடுத்த பாலம்லா இது" என்பாள்.

அவள் சொன்ன கதை திருநெல்வேலியில் பலருக்கும் தெரிந்ததுதான். பாலம் வருவதற்கு முன்னால் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைக் கடக்க ஓடம்தான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. ஓடத்துறையில் நெரிசலும் சண்டையும் சாவும் நடந்ததாகச் சொல்வார்கள். கலெக்டராக இருந்த தாம்சன் காலத்தில் பாலம் கட்ட முடிவானது. 50,000 ரூபாய் ஆகும் என்று கணக்கு. ஊர் மக்களிடம் வசூல் செய்யும் பொறுப்பு கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது கலெக்டருக்குக் கீழே தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியாரிடம் வந்து சேர்ந்தது. ஏற்கெனவே வரி கட்டிக் களைத்துப்போன ஜனங்களிடம் மறுபடியும் கை நீட்ட அவருக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா தன் நகைகளையெல்லாம் கழற்றித் தட்டில் வைத்து நீட்டினார். நகையும் சொந்தப் பணமுமாக அவர் கொடுக்க, 1843-இல் பாலம் திறந்தது.

இதை மகனிடம் சொன்னதும், "அம்மா, 50,000 ரூபாய்க்கு இப்ப ஒரு மோட்டார் பைக்குகூட வராதே" என்றான். 1843-இல் 50,000 என்றால் எவ்வளவு பெரிய சொத்து என்று அவனுக்குப் புரிய வைப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

லாட்ஜுக்கு ஒரு நாளைக்கு 1,100 ரூபாய். சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது, அவ்வளவுதான். குளித்துவிட்டு நேராகக் கைலாசபுரம் பக்கம் தைப்பூச மண்டபப் படித்துறைக்கு இறங்கினோம். என் பேச்சில் ஒன்றையாவது கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்: இந்தப் பாலத்தை மேலிருந்து பார்க்காதீர்கள். மேலே அது பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடிக்கிற இன்னொரு ரோடு. ஆற்றுக்குள் இறங்கிப் பார்த்தால்தான் அது பாலம்.

கீழே நின்றால் அரைவட்டக் கண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. ஒவ்வொன்றும் 60 அடி. மொத்த நீளம் 760 அடி. ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் நடுவே தூண்கள் ஜோடி ஜோடியாக நிற்கும். இந்த இரட்டைத் தூண் அழகு லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துச் செய்தது என்பார்கள். வரைந்தவர் ஹார்ஸ்லி என்ற வெள்ளைக்கார எஞ்சினியர். 1817-இல் திறந்த அந்த வாட்டர்லூ பாலம் அடித்தளம் இறங்கிப்போய் 1930-களில் இடிக்கப்பட்டது. இப்போது லண்டனில் நிற்பது வேறு பாலம். அதைப் பார்த்துக் கட்டிய நம் பாலம் இன்றைக்கும் பஸ்ஸையும் லாரியையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதை ஏன் பாலத்தின் இரண்டு முனையிலும் பெரிதாக எழுதி வைக்கவில்லை?

ஒரு தூணுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஏறி இறங்கிய தடம் கல்லில் கோடு கோடாக இருந்தது. ஒரு இடுக்கில் அரசங்கன்று முளைத்து நாலு இலை விட்டிருந்தது. ஒரு முழ உயரம்தான் இருக்கும். வேர் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ! வெள்ளத்துக்கு அசையாத கல்லையும் அரசமரம் பிளந்துவிடும். இன்றைக்குக் கையால் பிடுங்கிவிடலாம், பத்து வருஷம் விட்டால் முடியாது. எனக்கு எட்டியிருந்தால் நானே பிடுங்கியிருப்பேன்.

ஆறு இருக்கிற நிலையைச் சொன்னால் வயிறு எரிகிறது. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலுக்குப் போகிற வரை தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாத ஆறு இது. தண்ணீரில் மிதக்கிற அமலைச்செடி பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. சாக்கடைத் தண்ணீர் கலக்கிற இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தோம். கழற்றிப் போட்ட பழந்துணிகள் படியில் மட்கிக் கிடக்கின்றன. பரிகாரம் என்று துணியை ஆற்றில் விடுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், நிறுத்துங்கள்.

மகன் கண்களை எண்ணிக்கொண்டே இருந்தான். மூன்று தடவை எண்ணியும் ஒன்பதுக்கு மேல் போகவில்லை. கரையோரம் உடைமரமும் புதரும் மறைக்கிறது. படியில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "ஏல, அங்கன மரத்துக்குப் பின்னால ரெண்டு கெடக்கு பாரு" என்று கை காட்டினார். பதினொன்று வந்துவிட்டது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஆச்சி பார்த்திருக்க வேண்டும்.

மதியம் பாளையங்கோட்டையில் மாமா வீட்டில் சொதி. திருநெல்வேலி வந்துவிட்டுச் சொதி சாப்பிடாமல் போகிறவர்கள் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார்கள். அத்தை இரண்டு தேங்காயைத் துருவி மூன்று தடவை பால் எடுத்து வைத்திருந்தார். மூன்றாம் பாலில் காய் வேகும், பாசிப்பருப்பு குழைந்து சேரும், கடைசியில் முதல் பாலை ஊற்றி நுரை கூடுவதற்குள் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் அடுப்பை அணைத்த பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். கல்யாணம் முடிந்து மறுவீட்டில் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு இது. தேங்காய்ப் பால் மந்தம் பண்ணும், இஞ்சி அதைச் சரி பண்ணிவிடும். நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். வெளியே காசு கொடுத்துச் சாப்பிட்ட எதுவும் பக்கத்தில் வராது.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்ததும் மாமா வெள்ளத்தைப் பற்றி ஆரம்பித்தார். இந்தப் பாலம் பார்க்காத வெள்ளம் இல்லை. 1869-இல் வந்த பெருவெள்ளத்தில் சேதமாகி 1871-இல் சரி செய்தார்கள். 1970 வாக்கில் அகலப்படுத்தினார்கள். 1992 நவம்பர் வெள்ளம் எனக்கே நினைவிருக்கிறது. எனக்குப் பத்து வயது. மாமா தோளில் உட்கார்ந்து தூரத்திலிருந்து பார்த்தேன். கண்ணெல்லாம் மூடிப் போய், பாலம் தண்ணீர் மேல் வைத்த பலகை மாதிரி இருந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர், அதில் ஒரு வைக்கோல்படப்பு முழுசாக மிதந்து வந்து சுவரில் முட்டிச் சிதறியது.

"2023 டிசம்பர்ல வந்ததுல, அது அதவிடப் பயம் தாயி" என்றார் மாமா. "ராத்திரியோட ராத்திரியா கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளயே ஆறு வந்துட்டு. ஜங்ஷன்ல படகு போச்சு. தண்ணி வடிஞ்ச உடனே நான் மொதல்ல போய்ப் பாத்தது பாலத்தத்தான். நிக்கி." பக்கத்தில் இப்போது புதுப் பாலம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் மாமா பைக்கில் போனால் பழைய பாலத்தில்தான் போவாராம்.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 1999-ஐச் சொன்னார். அந்த வருஷம் ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடியில் ஜனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். 17 பேர் செத்துப்போனார்கள். அதில் இரண்டு வயதுகூட ஆகாத ஒரு பிள்ளையும் உண்டு. ஆச்சி அன்று ஜங்ஷனில் மாட்டிக்கொண்டாள். இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தாளாம், கூடையில் பாதிப் பூ அப்படியே இருந்ததாம். மறுநாள் காலையில் அந்தப் பூவை நடுப்பாலத்தில் நின்று ஆற்றில் கொட்டியிருக்கிறாள். இதை அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மாமா சொல்லித்தான் இப்போது தெரியும்.

சாயங்காலம் டவுனுக்குப் போய் நெல்லையப்பரைக் கும்பிட்டோம். எதிரே இருட்டுக்கடை வரிசை தெருவை அடைத்து நின்றது. ஒரு மணி நேரம் நின்று அரைக்கிலோ அல்வா வாங்கினேன். சூடாக வாழையிலைத் துண்டில் வாங்கி அங்கேயே தின்றதுதான் ருசி, ஊருக்குக் கொண்டுவந்தது அந்த அளவுக்கு இல்லை. நேரம் இல்லாதவர்கள் ஜங்ஷனில் நல்ல கடையாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

செலவுக் கணக்கைக் கேட்பீர்கள். இரண்டு பேருக்கும் பஸ், ஒரு நாள் லாட்ஜ், சாப்பாடு, அல்வா, அந்த ஆட்டோ எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். 4,500-க்குள் முடிக்க நினைத்தேன். பஸ்ஸையும் ஆட்டோவையும் சரியாகப் பார்த்திருந்தால் முடித்திருக்கலாம்.

கிளம்புகிற அன்று டவுன் பஸ்ஸில்தான் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஜங்ஷனில் ஏறும்போது ஐந்து முழம் பிச்சிப்பூ வாங்கி, ஒரு முழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மீதியை மகன் கையில் கொடுத்திருந்தேன். பஸ் பாலத்தில் ஏறியதும் அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். கண்டக்டர், "தம்பி, கையை உள்ள வைல" என்று அதட்டினார். அதற்குள் பூ கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது.