அம்மன் நகைக்குப் பெட்டகம் வாங்கிய அனுபவம்

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பாதையில் இருக்கிறது. மாரியம்மன் நகைகள் இவ்வளவு காலமும் மடைப்பள்ளிக்குப் பக்கத்து அறையில், ஓர் இரும்பு அலுமாரியில் இருந்தன. பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் அதேமாதிரி அலுமாரியை அலவாங்கால் நெம்பித் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், பரிபாலன சபை சேஃப் வாங்கத் தீர்மானித்தது. செயலாளர் என்ற முறையில் விசாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மற்றக் கோயில் சபைகளுக்கும் மரண உதவிச் சங்கங்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வங்கி லொக்கரைப் பற்றித்தான் முதலில் யோசித்தோம். அது நல்ல ஏற்பாடு. வங்கியின் திறப்பும் நம் திறப்பும் சேர்ந்தால்தான் திறக்கும். ஆனால் எங்கள் அம்மனுக்குச் செவ்வாய், வெள்ளியில் நகை சாத்துவோம். திருவிழா நாட்களில் வங்கி பூட்டியிருக்கும். சரி, கோயிலிலேயே வைப்பது என்று முடிவானது.

கடைகளில் முதலில் காட்டுவது பூட்டைத்தான்: டிஜிட்டல், கைரேகை, நீல வெளிச்சம். பெட்டியின் சுவர் எப்படி என்று கேட்டால் பேச்சு குறைந்துவிடுகிறது. ஒரு கடையில் கதவை மட்டும் தடிப்பாகச் செய்து, பக்கச் சுவரை மெல்லிய தகட்டில் விட்டிருந்தார்கள். எங்கள் லயங்களில் அலவாங்கும் கோடரியும் இல்லாத வீடு இல்லை. அதற்கே தாங்காத சுவருக்கு எவ்வளவு நல்ல பூட்டுப் போட்டாலும் என்ன பயன்? கதவின் உள்பக்கத்து லேபிளைப் பார்க்கவேண்டும் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஐரோப்பியத் தரமான ஈஎன் 1143-1 என்று லேபிளில் இருந்தால், ஆய்வுகூடத்தில் கருவிகளோடு ஆட்கள் அந்தப் பெட்டியை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேலை செய்த நிமிடங்களோடு கருவியின் வலுவையும் சேர்த்துப் புள்ளி போடுவார்கள். முதலாம் தரத்துக்கு, கை நுழையும் அளவு துளைக்க 30 புள்ளி, முழுதாகத் திறக்க 50 புள்ளி எடுக்கவேண்டும். பெரிய கருவி என்றால் புள்ளி வேகமாக ஏறும், அதனால் 30 புள்ளி என்பதை 30 நிமிடம் என்று எடுக்கக்கூடாது. அமெரிக்க லேபிளான டிஎல்-15இல் இருப்பது நிமிடக் கணக்கு. ஆனால் அந்த 15 நிமிடமும் கதவுக்கும் முன்பக்கத்துக்கும்தான். தீயை ஒரு மணி நேரம் தாங்கும் என்ற லேபிள் இதில் சேராது. தீக்கான பெட்டி கள்வனுக்கு எளிதாக இருக்கலாம். கந்தோரில் இருக்கிற வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டி மாதிரி பழையது ஒன்று வாங்கலாம் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். பாரம் நிறைய இருக்கும்தான், ஆனால் அந்தக் காலத்துப் பல பெட்டிகளின் சுவருக்குள் இருப்பது தீக்காக அடைத்த மரத்தூளும் படிகாரமும்.

பூட்டு விஷயத்தில்தான் சபையில் நீண்ட வாதம் நடந்தது. இளைஞர்கள் கைரேகை வேண்டும் என்றார்கள். எங்கள் பொருளாளர் அக்கா கொழுந்து எடுப்பவர். வருடக்கணக்காகக் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்து, கறையும் ஏறியிருக்கிறது. திருவிழா அன்று அந்த விரலை இயந்திரம் ஏற்காவிட்டால் என்ன செய்வது? மலிவான டிஜிட்டல் பெட்டிகளில் எனக்கு இன்னொரு பயம். நம்பர் மறந்தால் திறக்க என்று முகப்பில் ஒரு சின்னத் திறப்புத் துவாரம் ஒளித்து வைத்திருப்பார்கள். அந்தத் துவாரத்தில் இருப்பது சாதாரணப் பூட்டு என்றால், ஆறு இலக்க நம்பர் இருந்தும் பாதுகாப்பு அந்தச் சாதாரணப் பூட்டின் அளவுதான். தரமான டிஜிட்டல் பூட்டில் அது இல்லை. தப்பான நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பூட்டு சில நிமிடம் வேலை செய்யாது, பற்றரியையும் வெளியிலிருந்தே மாற்றலாம்.

திறப்புப் பூட்டுக்கு மின்சாரமும் தேவையில்லை, நம்பரும் தேவையில்லை. இருபக்கமும் பல் உள்ள நீளத் திறப்பு, உள்ளே வரிசையாக லீவர்கள், அதாவது திறப்பின் பல் தூக்கிவிடுகிற தகடுகள். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சி நேரம் ஹொப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது என்று பேர் எடுத்திருந்த சப், பிரமா என்ற இரண்டு கம்பனிகளின் பூட்டுகளைத் திறந்து காட்டினார். அதற்குப் பிறகு இந்தப் பூட்டுகள் நிறையத் தேறியிருக்கின்றன. பூட்டுக்கான ஈஎன் 1300 தரத்தில் ஆகக் குறைந்த ஏ வகுப்புக்கே 25,000 வித்தியாசமான திறப்புகள் சாத்தியமாக இருக்கவேண்டும். பிரச்சினை திறப்பை வைத்திருப்பவரிடம் வருகிறது. திருடனுக்குப் பூட்டோடு மல்லுக்கட்டத் தேவையில்லை, அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

மூன்றாவது சுழற்றுகிற நம்பர் டயல். மூன்று சக்கரம், நூறு எண் என்றால் கணக்குப்படி பத்து இலட்சம் சேர்க்கை. திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், கண்ணும் நிதானமும் வேண்டும். ஆனால் பற்றரி பழுதாகும் கவலையோ திறப்புத் தொலையும் கவலையோ இல்லை.

கடைசியில் ஈஎன் முதலாம் தரத்தில், திறப்பும் டயலும் இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கிற பெட்டியை எடுத்தோம். பூட்டுக்கு முன்னால் துளைக்க முடியாத கடினத் தகடு இருக்கிறது. பூட்டை அடித்து உள்ளே தள்ளினாலும் இன்னொரு தாழ் தானாக விழுந்து கதவைப் பிடித்துக்கொள்ளும். திறப்பு பொருளாளர் அக்காவிடம், நம்பர் தலைவரிடம். இருவரும் வராமல் கதவு திறக்காது. ஊரில் யார்மேலும் சந்தேகம் விழாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, அவர்கள் இருவருக்கும் இதுவே பாதுகாப்பு.

தரை வேலைதான் எதிர்பார்த்ததைவிட இழுத்தது. ஆயிரம் கிலோவுக்குக் குறைந்த பெட்டியை போல்ட் போட்டு இறுக்கவேண்டும், இல்லாவிட்டால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய், காட்டுக்குள் வைத்து ஆறுதலாக உடைப்பார்கள். எங்கள் அறையின் தரை, மண்ணை நிரப்பி மேலே மெல்லிசாகச் சீமெந்து பூசியது. துரையிடம் அனுமதிக் கடிதம் வாங்கி, மேசன் பாஸை வைத்துத் தரையை வெட்டி, கம்பி கட்டி கொங்கிறீட் போட்டோம். கொங்கிறீட் முழுப் பலம் பெற 28 நாள் விட்டு, அப்புறம்தான் துளைத்தோம். பெட்டி பட்டா லொறியில் வந்தது. கோயில் படியில் ஏற்றத் தொழிற்சாலைப் பையன்கள் பலகையும் உருளைக் குழாயும் கொண்டுவந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அது வாசலிலேயே நின்றிருக்கும்.

பொருத்திய அன்றே கம்பனி வைத்த நம்பரை மாற்றினோம். இதைக் கட்டாயம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யுங்கள். புது நம்பரில் பல தடவை பூட்டித் திறந்து பார்த்த பிறகுதான் கதவைச் சாத்தவேண்டும். தேர்த் திருவிழாத் தேதி, கும்பாபிஷேக வருடம் எல்லாம் வேண்டாம், தோட்டத்தில் யாரும் ஊகித்துவிடுவார்கள். மேலதிகத் திறப்பையும், மூடி முத்திரையிட்ட உறையில் நம்பரையும் வங்கி லொக்கரில் வைத்தோம். சபை மாறும்போது நம்பரும் மாறவேண்டும் என்று கூட்டக் குறிப்பில் எழுதியாயிற்று. திறப்பு தொலைந்தால் பூட்டையே மாற்றிவிடவேண்டும் என்பதும் அதில் உண்டு.

நம் பக்கத்துக்கு இன்னொரு விஷயம். தென்மேற்கு மழை தொடங்கினால் இறுக்கமாக மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கும். வெள்ளிக் கவசம் கறுக்கும், உறுதிப் பத்திரம் பூஞ்சணம் பிடிக்கும். பத்திரங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூலையில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பை வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை பூசைக்குத் திறக்கும்போது பூசாரி ஐயா அதைத் தொட்டுப் பார்த்து, நிறம் மாறியிருந்தால் மடைப்பள்ளி அடுப்பங்கரையில் காயவைத்துத் தருவார்.