நடுச் சில்லு

காங்கேசன்துறையில் ரயில் உதவிச் சாரதியாகச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லித்தந்த முதல் வேலை, எஞ்சினின் மணல் பெட்டியைப் பார்ப்பது. எழுபதுகளின் கடைசி அது.

நாங்கள் ஓட்டிய எம்-2 டீசல் எஞ்சின்கள், கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்குத் தந்தவை. முதல் தொகுதி 1954இல் வந்தது. ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த ஜி-12 வகை, 1425 குதிரை வலு. கனடிய மாகாணங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். பின்னாளில் எங்கள் சனம் போய்க் குவிந்த நாடு, அப்போது எங்களுக்கு எஞ்சினின் பெயர்ப்பலகையில்தான் தெரியும். 1956இல் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே யாழ்தேவி கோச்சி, அதாவது ரயில், ஓடத் தொடங்கியது. அதை எம்-2 இழுத்துவருவதை வேலியோரம் நின்று பார்த்து வளர்ந்தவன் நான்.

வேலைக்கு வந்த பிறகுதான் அதன் அடிப்பக்கம் தெரிந்தது. டீசல் எஞ்சின் மின்சாரம் உண்டாக்கும்; அந்த மின்சாரம் அச்சுகளிலுள்ள மோட்டார்களைச் சுழற்றும். ஆனால் முதலில் வந்தவற்றின் ஆறு அச்சுகளில் நான்குக்குத்தான் மோட்டார். மூன்று அச்சுகளைத் தாங்கும் ஒவ்வொரு போகிச் சட்டத்தின் நடுச் சில்லும் பாரம் மட்டும் சுமக்கும், இழுக்காது. தண்டவாளத்துக்கும் பாலங்களுக்கும் பாரம் பரவலாக இறங்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. அப்படிப் போகும் பாரம் இழுக்கிற சில்லின் பிடிக்கு உதவாது. ஈரத் தண்டவாளத்தில் சில்லு வழுக்கும். குழாய்வழி தண்டவாளத்தில் மணலைத் தூவினால் பிடிக்கும். அதற்குத்தான் மணல் பெட்டி.

ஒரு கார்த்திகை இரவு, மெயில் கோச்சியோடு கொடிகாமத்தில் நிற்கிறோம். தூறல். பெருமழை என்றால் தண்டவாளத்தைக் கழுவிவிடும், தூறல்தான் வழுக்கும். 570 அல்பேர்ட்டா உறுமியது, சில்லு நின்ற இடத்திலேயே சுழன்றது.

"தம்பி, மணல் வரேல்லை. இறங்கிப் பாரும்."

பெட்டி நிறைய மணல் இருந்தது. ஈரமாகிக் குழாயில் கட்டிபட்டிருந்தது. புறப்படுமுன் மேலால் பார்த்தேனே தவிர, கைவிட்டுப் பார்க்கவில்லை. சரி, கொடிகாமத்தில் மணலுக்கா பஞ்சம்? ஒரு கூரைக்குக் கீழிருந்து காய்ந்த மணலை வாளியில் அள்ளி, டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு தண்டவாளத்திலும் கையால் தூவிக்கொண்டு முன்னே நடந்தேன். சாரதி அண்ணை எஞ்சின் வலுவை மெதுவாக நொட்ச் நொட்சாக ஏற்றினார். பிடித்தது. ஏறி வந்த என்னை அவர் ஏசவில்லை. அதுதான் கூடச் சுட்டது. அதற்குப் பிறகு கைவிட்டுப் பார்க்காமல் நான் ஒரு பெட்டியையும் மூடியதில்லை.

1990 ஜூனில் போரால் கோச்சி நின்றது. பிறகு தண்டவாளத்தின் கீழிருந்த சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிக்குப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவும் கோச்சி வந்தது. அடுத்த வருடம் கொழும்புக்குப் போனபோது, கோட்டை நிலையத்தில் ஒரு எம்-2 நின்றது. அறுபது வயது எஞ்சின், அதே உறுமல். கிட்டப் போய்க் குனிந்து, மணல் குழாயின் வாயை விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.